ஒரே தோட்டா, இரண்டு துவக்குகள்

இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில் துரைமார் குதிரைமீது உலாவந்த நாட்களில், அவர்களுட் பலருடைய இடுப்பில் ஒரு ரிவோல்வர் தொங்கியது. பங்களாவின் சுவரோரத்தில் நீண்ட துவக்கொன்று சாத்தியிருந்தது. லயத்தில் வாழ்ந்த மக்கள் இரண்டையும் துவக்கு என்ற ஒரே சொல்லால் வழங்கினர். ஆயினும் அவை வெவ்வேறு காரியத்துக்கு உரியவை. கையிலுள்ள ரிவோல்வருக்கு இணையாக எத்தகைய நீண்ட துவக்கைத் தேர்ந்தெடுப்பது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் பல காடுகளிலும் மலைகளிலும் எழுந்த கேள்வியாகும். அக்கேள்விக்கு அமெரிக்கா கண்ட விடை பெரும்புகழ் பெற்றது. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் அவ்விடை ஏன் வேரூன்றவில்லை என்பதை ஆராய்ந்தால், துவக்கைப் பற்றி மட்டுமன்றித் தோட்ட வாழ்வைப் பற்றியும் சில செய்திகள் புலனாகும்.

அமெரிக்கர் கண்ட விடை எளிமையானது. துவக்கைத் தேடாதே, முதலில் தோட்டாவைத் தேடு என்பதே அது. 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் நிறுவனம் நெம்புகோலால் இயங்கும் துவக்கொன்றை வெளியிட்டது. அதற்கென அமைந்த தோட்டாவை .44-40 என்று அழைத்தனர். முதல் எண் குண்டின் விட்டத்தை அங்குலத்தின் நூற்றுக்கூறுகளில் ஏறத்தாழக் குறிக்கும். இரண்டாவது எண் உள்ளே அடைத்த கரிமருந்தின் எடை 40 கிரெயின் என்பதைக் குறிக்கும். 7,000 கிரெயின் ஓர் இறாத்தல். சில ஆண்டுகளில், 1878 அளவில், கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவை ஏற்கும் ஆறுகுண்டு ரிவோல்வரை விற்பனைக்கு விட்டது. இனி ஒரு மனிதன் ஒரே வார்ப்பட்டையில் ஒரே வகைத் தோட்டாக்களைச் செருகிக்கொண்டு புறப்படலாம். இருளிலோ பதற்றத்திலோ கைக்கு அகப்பட்ட தோட்டா எதுவாயினும் அது இரண்டு துவக்குகளுக்கும் பொருந்தும். நகரத்துக் கடையிலிருந்து நாட்கணக்கான வழி தள்ளி வாழ்ந்தவனுக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ரிவோல்வரையே குழல் நீட்டித் தோட்கட்டை பொருத்திச் செய்துவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். கோல்ட் நிறுவனமே 1855ஆம் ஆண்டு வடிவத்தில் அப்படியொரு சுழலுருளைத் துவக்கை ஆக்கியது. ரிவோல்வரில் தோட்டாக்கள் அடங்கிய உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி உண்டு. இல்லையேல் உருளை சுழலாது. சுடும்போதெல்லாம் அந்த இடைவெளியால் நெருப்பும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் சீறிப் பாயும். ரிவோல்வரைப் பிடிப்பவனுடைய கை உருளைக்குப் பின்னால் இருப்பதால் தீங்கில்லை. நீண்ட துவக்கைப் பிடிப்பவனோ இடக்கையை முன்னே நீட்டிக் குழலைத் தாங்க வேண்டும். அந்தக் கையே வேகும்! போதாக்குறைக்கு, அக்காலத்துச் சுழலுருளைகளில் ஓர் அறையின் தீ அடுத்த அறைகளுக்கும் தாவி எல்லாம் ஒருங்கே வெடிப்பதும் உண்டு. ஆகவே அந்த வடிவம் நிலைக்கவில்லை.

நெம்புகோல் கார்பைனில் இத்தொல்லை இல்லை. குழலுக்குக் கீழே அதனோடு ஒட்டி மற்றொரு மெல்லிய குழாய் ஓடும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அதனுள் படுத்திருக்கும். ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். விசையைச் சுற்றியுள்ள வளையமே நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் சுட்ட வெற்றுறை வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்வாங்கும், புதிய தோட்டா மேலெழும். மேலே இழுத்தால் அத்தோட்டா அறையுள் சென்று பின்புறம் பூட்டிக்கொள்ளும். துவக்கைத் தோளினின்று எடுக்காமலே இவ்வளவும் நடந்துவிடும். 20 அங்குலக் குழல் கொண்ட கார்பைன் 12 தோட்டாக்களை ஏற்றது. ஜோன் மோசஸ் பிரௌனிங் அமைத்த 1892ஆம் ஆண்டு வடிவம் எடையையும் குறைத்தது. ஏறத்தாழ 6 இறாத்தல். குதிரைச் சேணத்தின் ஓரத்தில் செருகிச் செல்லவும், புதருக்குள் நுழைந்து திரும்பவும் இதைவிட வசதியானது அக்காலத்தில் அரிது.

தோட்டா ஒன்றேயாயினும் பயன் ஒன்றன்று என்பதைக் கவனிக்க வேண்டும். ரிவோல்வரின் குறுங்குழலில் மருந்து முழுவதும் எரிந்து தள்ளுவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. நீண்ட குழலில் தள்ளும் நேரம் மிகுதி. .44-40 தோட்டாவின் குண்டு ரிவோல்வரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 900 அடி வேகத்தில் சென்றால், கார்பைனிலிருந்து 1,200 அடியை அண்டிச் செல்லும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால் அது முக்கால் பங்குக்கும் மேலாகக் கூடிவிடுகிறது. இதைவிடப் பெரிய வேறுபாடு பிடிப்பில் உள்ளது. கைநீட்டிச் சுடும் ரிவோல்வரால் 25 யார் தூரத்தில் பன்றியைத் தப்பாமல் அடிப்பவன் கைதேர்ந்தவன். தோளில் அணைத்த கார்பைனால் 100 யாரில் அதைச் செய்யச் சாதாரணப் பயிற்சியே போதும். ஆகையால் இணையில் தலைமை கார்பைனுக்கே. ரிவோல்வர், கார்பைன் கைக்கெட்டாத வேளைக்கு உரியது. இதை மறந்து ரிவோல்வரின் அழகில் மயங்கி அதை முதலில் வாங்கிப் பின்னர் கார்பைன் தேடுவோர் இன்றும் பலர். காலைச் செருப்புக்கு அளவெடுத்த கதைதான்.

இணைப் பொருத்தத்தில் கண்ணிகளும் உண்டு. பிரௌனிங்கின் கார்பைன் உறுதி மிக்கது என்பதால் அதற்கென்றே மிகுவேகத் தோட்டாக்களைப் பின்னாளில் விற்றார்கள். அவையும் .44-40 தாம். பழைய 1873ஆம் ஆண்டுத் துவக்கிலோ ரிவோல்வரிலோ அவற்றை இட்டால் ஆபத்து என்று பெட்டியில் எச்சரித்திருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்து வார்ப்பட்டையில் செருகியபின் எந்தத் தோட்டா எந்தப் பெட்டியினது என்று யார் அறிவார்? எந்த வசதிக்காக ஒரே தோட்டாவை நாடினார்களோ, அந்த வசதியே இங்கு ஆபத்தாயிற்று. மற்றொன்று, குழாயில் படுத்திருக்கும் தோட்டாக்களில் ஒன்றன் குண்டுமுனை முன்னுள்ளதன் பிட்டத்திலுள்ள தீமூட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால் அதிர்ச்சியில் அது ஊசிபோல் குத்தி வெடிக்கச் செய்யலாம். அதனாலேயே இத்தகைய துவக்குகளுக்குத் தட்டைமுனைக் குண்டே விதி. பழைய கோல்ட் ரிவோல்வரிலோ சுத்தியல் நேரே தீமூட்டியின்மேல் அமரும். கீழே விழுந்தால் வெடித்துவிடும். விவரம் அறிந்தோர் ஆறறைகளில் ஐந்தை மட்டுமே நிரப்பி, வெற்றறையின்மேல் சுத்தியலை இறக்கி வைத்தனர்.

இக்காலத்தில் இணை தேடுவோர் பெரும்பாலும் 1935இல் வந்த .357 மாக்னம், 1955இல் வந்த .44 மாக்னம் ஆகிய தோட்டாக்களையே கருதுகின்றனர். .357க்கு அமைந்த துவக்கு அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் ஏற்கும். பயிற்சிக்கு அது மலிவு, உதையும் மென்மை. ஆனால் ரிவோல்வர் எந்த நீளத்தையும் முணுமுணுக்காமல் ஏற்பது போலக் கார்பைன் ஏற்பதில்லை. தோட்டாவைத் தூக்கித் தரும் பொறி நீளத்துக்கு அமைந்தது; குட்டைத் தோட்டா சிலவற்றில் சிக்கிக்கொள்ளும். புகழ்பெற்ற .45 கோல்ட் தோட்டாவுக்கு அந்நாளில் நெம்புகோல் இணையே இல்லாது போனதற்கும் இத்தகைய காரணம் ஒன்று சொல்வர். அதன் விளிம்பு மிகக் குறுகியது. வெற்றுறையைப் பற்றி இழுக்கும் கொக்கிக்குப் பிடி போதவில்லை.

இனி மலைநாட்டுக்கு வருவோம். கோப்பிக்காகக் காடழித்த முற்காலத்தில் அங்கு யானை நிறைந்திருந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. யானைக்கு .44-40 போன்ற சிறுதோட்டா எதற்கும் உதவாது. அதற்குக் கனத்த குண்டெறியும் பெருந்துவக்கே வேண்டும். ஆனால் அக்காலத்திலேயே நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர், அந்த உயர்ந்த காடுகளில் மரை வேட்டைக்குப் போகும்போது துவக்கையே விட்டுவிட்டு நாய்களோடும் கத்தியோடும் சென்றார். சோலைக்காடு அத்துணை அடர்ந்தது. பத்தடி முன்னே உள்ளது தெரியாத இடத்தில் நீண்ட குழல் கிளைகளில் மாட்டும் சுமையே.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றி, அதன்பின் தேயிலை மலைகளை மூடியபோது யானை அகன்றது. பன்றியும் சிறுத்தையும் மரையும் எஞ்சின. தேயிலைச் சரிவிலும் பத்தனைப் புற்றரையிலும் ஐம்பது, நூறு யாரில் தோன்றி மறையும் பன்றிக்குக் குட்டையான, எடை குறைந்த, இரண்டாம் வெடியை விரைந்து தரும் துவக்கே ஏற்றது. நெம்புகோல் கார்பைனின் இலக்கணமும் அதுவே. மழையும் அதன் பக்கமே சாட்சி சொல்லும். ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் மூடுபனியில் மூழ்கிக் கிடக்கும் நுவரெலியாவில், சன்னத் துவக்குக்கான தோட்டாவின் காகித உறை ஈரத்தில் ஊதி அறைக்குள் நுழைய மறுக்கும். அல்லது நுழைந்தபின் வெளிவர மறுக்கும். பிளாஸ்டிக் உறை வந்தது 1960ஐ ஒட்டியே. பித்தளை உறையுள்ள தோட்டாவுக்கு அந்த இடர் இல்லை. ஈரம் உறிஞ்சிய தோற்பையில் இரவெல்லாம் கிடந்த ரிவோல்வர் மட்டும் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் நாள்தோறும் துடைப்பதன்றி அதற்கு வேறு மருந்தில்லை.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் தோட்டத்துத் துரைமார் அந்த இணையை விரும்பித் தழுவவில்லை. அவர்கள் வந்த நாடு வேறு. அதன் தோட்டாக்களும் வேறு. பிரித்தானிய இராணுவம் 1887இல் ஏற்ற வெப்லி ரிவோல்வர் .455 தோட்டாவைக் கொண்டது. அத்தோட்டாவுக்கு இணையாக வழக்கமான நெம்புகோல் கார்பைன் எதுவும் எழவில்லை. அவர்களுக்கும் நெம்புகோல் தெரியாததன்று. 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றியும் விசைக்குக் கீழுள்ள நெம்புகோலால் திறப்பதே. ஆனால் அது ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் ஏற்பது. அத்தோட்டாவும் ரிவோல்வரில் நுழையாத பருமன். 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு ஐரோப்பியத் துரைமாரால் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப்படை, பட்டாளத்தின் .303 துவக்கையே பழகியது. 1914இல் எகிப்துக்குச் சென்ற அப்படையின் ஒரு பிரிவு பின்னர் கலிப்போலிப் போர்முனையில் தளபதி பேர்ட்வூட்டின் தலைமையகத்தைக் காவல் செய்தது. படை 1949இல் கலைக்கப்பட்டது.

வீட்டுக்கென்று அவர்கள் வைத்துக்கொண்டது இரட்டைக்குழல் சன்னத் துவக்கு. காலையில் சிறு சன்னமிட்டுக் காட்டுக்கோழியும் மாலையில் தனிக்குண்டிட்டுப் பன்றியும் அடிக்க அது ஒன்றே போதும். ரிவோல்வரோடு தோட்டா பொருந்தவில்லையே என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில் அமெரிக்கச் சமவெளியில் இரண்டு துவக்கும் ஒரே மனிதனின் ஒரே பயணத்துக்கு உரியன. மலைநாட்டில் அவை இருவேறு பயணங்களுக்கு உரியன. சன்னத் துவக்கு விலங்குக்கு, ரிவோல்வர் மனிதனுக்கு. சம்பளப் பணத்தை நகரத்து வங்கியிலிருந்து மலைப்பாதை வழியே கொண்டுவரும் நாளில் ரிவோல்வர் இடுப்புக்கு ஏறியது. காலைப் பிரட்டுக்களத்தில் வரிசையாய் நின்ற ஆண்களும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களும் அதைப் பார்த்தனர். சுடப்படாவிட்டாலும் அது பேசியது.

1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் தேவை. சட்டத்தின் சொல் எல்லோருக்கும் பொதுவே. ஆனால் நாட்கூலியில் வாழ்ந்து, குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே உரியதாக இருந்தவனுக்குத் துவக்கும் அதற்கான பத்திரமும் எட்டாக்கனிகள். பங்களாவில் எந்தத் துவக்கோடு எதை இணைப்பது என்ற கேள்வி எழுந்த காலமெல்லாம், லயத்தில் அக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. துவக்கின் குழல்வாயை மட்டுமே அவர்கள் அறிந்திருந்தனர்.

அதை அவர்கள் அறிந்த நாட்களும் உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட அதே ஹேவாஹெட்டப் பகுதியில், முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணையில் அவருடைய மனைவியின் சார்பாக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அந்த ஒரு வெடியின் எதிரொலி கொழும்புவரை சென்றது. வழக்குகளை நடத்தும் அதிகாரம் பற்றி ஆளுநருக்கும் மந்திரிமாருக்கும் பிணக்கு மூண்டு, மந்திரிகள் பதவி துறக்கும் அளவுக்கு அது முற்றியது. 37 ஆண்டுகளுக்குப் பின், 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணி கைமாறுவதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துவக்குச்சூட்டுக்குப் பலியானார். அதற்குள் காலம் மாறியிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்துவிட்டன. வெப்லியை இடுப்பில் கட்டிய வெள்ளைத் துரைமார் பெரும்பாலும் கப்பலேறிவிட்டனர். துவக்கின் வாய் மட்டும் அதே திசையை நோக்கியிருந்தது.

வேட்டையும் அதற்கு முன்பே சுருங்கியிருந்தது. 1894இல் வேட்டைப்பிரியரே கூடி வனவிலங்கு காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர் என்பது வேடிக்கையான உண்மை. சுடுவதற்கு மிருகம் எஞ்சாது போய்விடும் என்ற அச்சமே காரணம். 1937இல் வன உயிர்களையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று சிறுத்தையைச் சுடுவது குற்றம். பயிரை அழிக்கும் பன்றிக்கென்று கமக்காரருக்குச் சன்னத் துவக்கு அனுமதி கிடைப்பதுண்டு. ரிவோல்வருக்கோ எளிதில் கிடைப்பதன்று. ஆக, ரிவோல்வரும் கார்பைனும் ஒரே தோட்டாவில் கூடும் அந்த இணை, இன்றைய மலைநாட்டில் சட்டப்படி ஒருவர் கைக்கு வருவது அரிதினும் அரிது.

பன்றி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. லயத்தை ஒட்டிய மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிடும் அதனை எதிர்க்கத் துவக்கில்லாதவன் கம்பிச் சுருக்கு வைக்கிறான். அதற்குத் தோட்டா வேண்டாம், பத்திரம் வேண்டாம், குறி பார்க்கவும் வேண்டாம். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டுவது ஹற்றன் பக்கத்துத் தோட்டங்களில் மீண்டும் மீண்டும் கேட்கும் செய்தி. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிக்கு அருகே லக்ஷபான தோட்டத்தில் அவ்வாறு ஒரு சுருக்கில் அகப்பட்டது அரிதான கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். சில நாட்களில் அது இறந்துபோயிற்று.